பம்ப்புக்குப் பயந்து கெடும் மூச்சு

“பம்ப் அடிக்கத் தொடங்கினால் பிறகு விடவே ஏலாது.” திருகோணமலையில் தொய்வுக்காரர் உள்ள வீடுகளில், இன்ஹேலரைப் பற்றிய இந்த வசனம் மருந்தைவிட வேகமாகக் கைமாறுகிறது. துறைமுகத்தை அண்டிய தெருக்களிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இதே பேச்சுத்தான். குளிசையை எல்லோருக்கும் முன்னால் விழுங்குகிறவர், பம்ப்பைக் கைப்பையின் அடியில் ஒளிக்கிறார். பொம்பிளைப் பிள்ளை என்றால் இன்னும் மோசம். கலியாணம் பேசி வருகிறவர்களின் கண்ணில் அது படவே கூடாது.

குளிசை சாது, பம்ப் முரடு என்பதுதான் இந்தப் பயத்தின் அடி. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். பம்ப்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். ஒரு குளிசைக்குள் 40 அழுத்தல்! அந்தக் குளிசை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வந்து சேர்கிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். பம்ப் மருந்தோ நேரே மூச்சுக்குழாயில் இறங்குகிறது. ஸ்டீரோயிட் கதையும் இதுவே. முட்டு முற்றினால் பெரியவர்களுக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் நாளுக்கு 40 மில்லிகிராம் வரை போகும். தடுப்புப் பம்ப்பில் நாள் முழுவதற்கும் 400 மைக்ரோகிராம் என்றாலும் அது நூற்றில் ஒரு பங்கு.

“அப்படியென்றால் ஏன் வரவர அதிகம் அடிக்க வேண்டியிருக்கிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடிக்கடி தேவைப்படுவது நிவாரணப் பம்ப்பான நீலப் பம்ப். அது இறுகிய குழாயைச் சில மணி நேரத்துக்குத் தளர்த்தும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அழற்சியை ஆற்றுவது தடுப்பு மருந்து, பலர் கையில் அது மண்ணிறப் பம்ப். அடித்தவுடன் சுகம் தெரியாததால், “இது வேலை செய்யேல்லை” என்று அதை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். அழற்சி வளர்கிறது, நீலம் போதாமல் போகிறது, பழி பம்ப்பின் தலையில் விழுகிறது. சுவீடனில் 3 லட்சத்து 65 ஆயிரம் நோயாளரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 3 அல்லது அதற்கு மேல் நிவாரணப் பம்ப் வாங்கியவர்களுக்குக் கடும் முட்டும் மரணமும் கூடுதலாக இருந்தன. 2019இல் உலகத் தொய்வு வழிகாட்டல் குழுவான ஜீனாவும், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரணப் பம்ப்பை மட்டும் கொடுப்பதை இனிப் பரிந்துரைக்க மாட்டோம் என்று அறிவித்தது.

இந்த இடத்தில்தான் சூழலின் கதையும் வந்து ஒட்டுகிறது. பம்ப்பிலிருந்து மருந்தைத் தள்ளிவிடும் வாயு, காரின் ஏசியில் ஓடும் எச்எப்சி-134ஏ. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வகையைப் பொறுத்து ஒரு பம்ப்பின் சூழல் சுமை 10 முதல் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஓசோனைத் துளைத்த பழைய வாயுக்களை 1987இன் மொன்றியல் உடன்படிக்கை வெளியேற்றியபோது அந்த இடத்துக்கு வந்தது இது. இப்போது இதையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது 2016இன் கிகாலித் திருத்தம். இலங்கை அதை 2018இல் ஏற்றுக்கொண்டது.

இதைக் கேட்டதும் பம்ப்பே கூடாது என்று கிளம்புகிறவர்கள் பழைய பயத்துக்குப் புதுச் சட்டை மாட்டுகிறார்கள். மூச்சு முட்டுகிறவரின் கையிலிருந்து நீலப் பம்ப்பைப் பறிப்பது கொடுமை. அதிக வாயு வீணாவது கட்டுப்பாடில்லாத தொய்வினால்தான்: தடுப்பு மருந்து அலுமாரியில், நீலப் பம்ப் மாதத்துக்கொன்று, நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுத்தால் அந்த மாதாந்தப் பம்ப் தானாகக் குறையும்.

இலங்கைக்கு இன்னொரு வசதியும் உண்டு. கப்சியூலை வைத்துத் திருகி, தூளை உறிஞ்சும் ரொட்டாஹேலர் இங்கே நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் தள்ளும் வாயுவே கிடையாது. வேகமாக, ஆழமாக இழுக்கத் தெரிந்த பெரியவர்களில் பலருக்கு அதுவே போதும். ஆனால் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் கப்சியூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு “மருந்து கேட்கேல்லை” என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. பம்ப்பிலோ மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். அவசரத்தில் அடிக்கிறவரின் கடைவாயில் வெள்ளைப் புகை கசிவதைப் பார்க்கலாம். மருந்தும் வாயுவும் போகும் வழி அது.

சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் வேண்டாமென்று குரல் எழுப்பி, 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதைக் கண்ட மாவட்டம் இது. காற்றின் அருமையை இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அக்கறை, முட்டைக் கிளப்பும் விறகடுப்புப் புகை மீதும் நுளம்புச் சுருள் மீதும் திரும்ப வேண்டும்.

சின்னப் பிள்ளைகளால் ரொட்டாஹேலர் தூளை இழுக்க முடியாது. அவர்களுக்குப் பம்ப்தான், கூடவே அதன் வாயில் பொருத்தும் கூடான ஸ்பேசர். அவசரத்திலும் இந்தச் சோடி நெபுலைசர் மெஷினுக்குக் குறைந்ததில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்கு, 1999இல் தென்னாபிரிக்க மருத்துவர் ஹெதர் சார் குழுவினரின் ஆய்வு வழி சொன்னது. அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில், சூடாக்கிய கம்பி வளையத்தால் பம்ப்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, சுற்றிப் பசை பூசினால் அது கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. வெறும் போத்தல் கிடைக்காத வீடு திருகோணமலையில் ஏது? கிளினிக் நாளில் ஒரு தாதிக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, தாய்மார் கண்முன்னால் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளையைக்கொண்டே இழுக்க வைத்தும் பாருங்கள்.