குளியலறைச் சுவரும் முரண்தொடையும்

குளியலறைச் சுவருக்கு எந்நிறம் தீட்டலாம் என்பது இலக்கியப் பகுதியில் எழுதத்தக்க பொருளா என்று கேட்பவர் இருப்பர். ஒரு பண்டிதனுக்கு அங்கே என்ன அலுவல் என்று கேட்பவரும் இருப்பர். இரண்டும் நியாயமான கேள்விகளே. தொல்காப்பியனார் உரியியலில் நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கின்றார். குரு, கெழு என்னும் உரிச்சொற்கள் நிறத்தை உணர்த்தும் என்பது அவர் கூற்று. ஆயினும் அந்தத் துணையை நம்பி நான் இதனை எழுத வரவில்லை. என் வீட்டில் நிகழ்ந்த ஒரு துன்பமே எழுதச் செய்தது.

என் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். கிணற்றடியில் நீராடிப் பழகியவர். முழங்கால் தளர்ந்தபின் கிணற்றடிக்குப் போய்வருதல் அவருக்கு இயலாதாயிற்று. ஆகவே வீட்டினுள்ளே ஒரு குளியலறை கட்டுவித்தோம். நிறம் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. தீந்தைக் கடையில் ஒரு நிற அட்டையைத் தந்தார்கள். அதில் வெள்ளை மாத்திரம் பத்துப் பன்னிரண்டு வகை. நான் வெள்ளையையே தெரிந்தேன். சுவர் வெள்ளை; தரையிற் பதித்த ஓடு வெள்ளை; முகம் கழுவும் தொட்டி வெள்ளை; அதன்கீழ்ப் பொருத்திய அலுமாரியும் வெள்ளை. வந்து பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். என் உள்ளமும் குளிர்ந்தது.

ஒரு மாதம் சென்றது. ஒருநாள் வைகறையில் தாயார் தம் செம்பைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். வைத்ததாக எண்ணினார். அவர் எண்ணிய இடத்தில் விளிம்பு இல்லை. செம்பு விழுந்தது, அதனைப் பிடிக்கக் குனிந்தவரும் விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. வைத்தியசாலையிலிருந்து திரும்பும் வழியில் அவர் சொன்னார்: “மோனை, அங்கை எல்லாம் ஒரே வெள்ளையாக் கிடக்கு. எது சுவர், எது தொட்டி எண்டு எனக்குத் தெரியேல்லை.”

மகனை அழைத்த அந்த ‘மோனை’, யாப்பிலக்கணத்து மோனையையும் எனக்கு நினைவூட்டியது. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடை வகைகளை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிப்பவன் நான். ஒரு சொல்லே அடி முழுதும் வருவது இரட்டைத்தொடை என்பதையும் கற்பித்திருக்கின்றேன். என் குளியலறை ஓர் இரட்டைத்தொடை: வெள்ளை, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அங்கே வேண்டியிருந்ததோ முரண்தொடை. ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றாலன்றி இரண்டு பொருள்கள் இரண்டாகத் தோன்றா. பாட்டுக்கு முரண் அழகு தருவது. முதியவரின் கண்ணுக்கு அது ஊன்றுகோல்.

இது வெறும் உவமையன்று. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் கொள்கின்றது. அதன் வழியே உட்புகும் ஒளி குறைகின்றது. நீல ஒளி பெரிதும் தடைப்படுகின்றது. நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு மங்குகின்றது. வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு மறைந்தேபோகலாம். இளையவர் கண்ணுக்கு இரண்டாகத் தோன்றுவன முதியவர் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன. கடை அட்டையில் வெள்ளையைப் பத்தாகப் பிரித்துக் கண்ட என் கண் வேறு. அந்தக் குளியலறையை நாள்தோறும் ஆளும் கண் வேறு.

மேனாட்டுக் கட்டடக் கலைஞர் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கின்றனர். ஒளியை முற்றும் விழுங்கும் கருமைக்கு 0. முற்றும் தெறிக்கச் செய்யும் வெண்மைக்கு 100. அடுத்தடுத்துள்ள இரண்டு பரப்புகள் பிரிந்து தோன்ற, அவற்றின் ஒளித்தெறிப்பு எண்களுக்கிடையே 30 வேறுபாடு இருத்தல் நன்று என்பது பிரித்தானிய நியமம் 8300 தரும் அறிவுரை. நிறத்தின் பெயர் வேறாயிருந்தால் மாத்திரம் போதாது. சிவப்பும் பச்சையும் பெயரால் வேறு. ஒளியளவால் ஒன்றாயும் இருக்கலாம். இதனை அறிய எளிய வழி உண்டு. கைத்தொலைபேசியில் அவ்விடத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். படத்தில் தொட்டியும் சுவரும் ஒன்றாய்க் கலந்தால், அந்தத் தெரிவைக் கைவிடுங்கள்.

வெள்ளையில் அழுக்குத் தெரியும், ஆதலின் துப்புரவுக்கு வெள்ளையே ஏற்றது என்பர். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைநாட்டப்பட்ட பின்னர், வெள்ளைப் பீங்கானும் வெள்ளை ஓடும் துப்புரவின் அடையாளமாயின. அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. தொட்டி வெள்ளையாகவே இருக்கட்டும். மலகூடப் பீங்கானும் வெள்ளையாகவே இருக்கட்டும். அவை வெள்ளையாயிருப்பதனாலேதான் அவற்றின் பின்னுள்ள சுவர் வெள்ளையாயிருத்தல் ஆகாது என்கின்றேன்.

கடுநிறம் அறையை இருளச் செய்யும் என்பது மற்றொரு தடை. இதற்கு விடை நம் பள்ளிக்கூடச் சுவர்களில் இருக்கின்றது. அடிப்பாகம் கடுநிறம், மேற்பாகம் வெளிர்நிறம். தொட்டியின் விளிம்புக்குச் சற்று மேல்வரை, நான்கடி உயரத்துக்கு, கடுநிறம் போதும். மேலே வெளிர்நிறம் இருந்தால் அறையில் ஒளி குறையாது. கண்ணாடியில் முகம் பார்ப்பவருக்கும் அது நல்லது. முகத்தைச் சூழக் கடும்பச்சை இருந்தால், நலமாயுள்ளவரும் நோயாளர் போலத் தோன்றுவர்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மிகப் பளபளக்கும் தீந்தை ஒளியைத் தெறிக்கச் செய்து கண்ணைக் கூசச் செய்யும். ஆதலின் ஈரத்தைத் தாங்குவதும் மினுக்கம் குறைந்ததுமான வகையைக் கேட்டு வாங்குக. தரையில் கரிய விரிப்பு இடற்க. பார்வையோ நினைவோ மங்கியவருக்கு அது குழிபோலத் தோன்றும்.

முகம் கழுவும் தொட்டியோடு கூடிய அலுமாரிக்குக் கடைக்காரர் வழங்கும் பெயர் ‘வனிற்றி’. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வீண்பெருமை என்றும் பொருள் உண்டு. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாணம் உண்டாகின்றது. அந்த அறையை யாருக்காக வெள்ளையாக்கினேன்? வந்து பாராட்டுவோருக்காக. அவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயினர். தாயார் நாள்தோறும் நான்குமுறை போய்வந்தார்.

இன்று நம் ஊர்களில் இந்நிலை பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். பெற்றோருக்கென்று அன்போடு பணம் அனுப்புகின்றனர். நிறத்தையும் படம் பார்த்து அவர்களே தெரிகின்றனர். கட்டுவோர் ஒருவர், கால் வைப்போர் வேறொருவர். அந்த அன்பில் குறையில்லை. கால் வைப்பவரை ஒரு வார்த்தை கேளாமையே குறை. அருகிலிருந்த நானே கேட்கவில்லை.

இப்போது தொட்டியின் பின்சுவர் நான்கடி உயரத்துக்குக் கடும் இலைப்பச்சை. அலுமாரிக் கதவு பாக்கு நிறம். அதன் கைபிடி வெள்ளை. இதற்குச் செலவான தீந்தை ஒரு சிறிய தகரம். பூசுமுன் சுவரில் இரண்டடிச் சதுரமாகத் தீட்டி, காலையிலும் இரவு விளக்கிலும் தாயாரையே பார்க்கச் செய்தோம். அவர் வாசலில் நின்று, கட்டு அவிழ்த்த கையை நீட்டி, “அந்தா தொட்டி” என்றார்.

குளியலறைக்கு நிறம் தெரிவோர் நிற அட்டையை விரிக்குமுன், வீட்டில் மூத்தவரை வாசலில் நிறுத்தித் தொட்டி எங்கே என்று கேட்கட்டும். அவர் தயங்காமல் காட்டுவாராயின் அந்த நிறம் நல்ல நிறம்.