வரப்பில் கிடக்கும் செருப்பு

ஜெர்மனியில் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். "மாமா, இங்க பாடப் புத்தகத்துல நம்ம மதுரை பேரு இருக்கு. மதுராஃபூஸ்னு ஒரு நோய்" என்றாள். ஃபூஸ் என்றால் ஜெர்மன் மொழியில் பாதம்.

கேட்டதும் எங்கள் அப்பாயியின் கால்தான் கண்முன் வந்தது. எருமப்பட்டிக் கடலைக்காட்டில் களை வெட்டப் போனால், செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்கும். முள் தைத்தால் அங்கேயே உட்கார்ந்து, தாலிக்கயிற்றில் கோத்திருக்கும் ஊக்கால் கிளறி எடுக்கும். எருக்கம்பால் ஒரு சொட்டு வைக்கும். அத்தோடு மறந்துவிடும்.

அந்தத் துளை வழியாகத்தான் இந்த நோய் நுழைகிறது. மண்ணில் வாழும் பூஞ்சையோ பாக்டீரியாவோ முள்ளோடு உள்ளே போய், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், வலியில்லாத கட்டியாக வளர்கிறது. பிறகு பாதம் வீங்கி, பல இடங்களில் புரையோடி, சீழோடு கருப்பும் வெள்ளையும் சிவப்புமாகக் குருணைகள் வெளிவரும். எலும்பு வரை அரித்துவிட்டால் காலையே எடுக்க நேரிடும்.

1842-ல் மதுரையில் இருந்த கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். ஊர்ப்பெயர் நோயோடு ஒட்டிக்கொண்டது. 'கிரேஸ் அனாடமி' நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், பம்பாயில் இதை ஆராய்ந்து, பூஞ்சைதான் காரணம் என்று சொல்லி 'மைசிடோமா' என்று பெயர் வைத்தார். ஆனாலும் ஜெர்மன் சொல்லில் மதுரை நின்றுவிட்டது. மதுரெல்லா, ஆக்டினோமதுரா என்று கிருமிகளின் பெயரிலும் ஏறிவிட்டது.

சூடானிலும் மெக்சிகோவிலும் இதே நோய் இருக்கிறது. அங்கேயும் வெறுங்காலோடு மண்ணில் உழைப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஏழையின் கால் என்பதால்தானே இத்தனை தாமதம்?

பாக்டீரியாவால் வந்தது என்றால் மருந்திலேயே பெரும்பாலும் குணமாகும். பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் மருந்து, சில நேரம் அறுவை சிகிச்சையும் வேண்டும். எதுவானாலும் சீக்கிரம் போனால் காலைக் காப்பாற்றலாம். முள் தைத்த இடத்தில் கட்டி தெரிந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்பாயிக்கு நல்லவேளையாக ஒன்றும் வரவில்லை. ஆனால் இன்றும் எங்கள் ஊர் வரப்புகளில் களையெடுக்க இறங்கியவர்களின் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஈர மண்ணில் ரப்பர் செருப்பு வழுக்கும், சேறு அப்பும் என்பது தெரியும். முள் ஏறாத பூட்ஸ் ஒரு ஜோடியைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பது காட்டுக்காரர்களால் முடியாத காரியமில்லை.

எங்கள் காட்டில் இந்தப் பட்டத்திலேயே அதைத் தொடங்குகிறேன்.