பூங்காவுக்கு யார் காசு கொடுப்பது?

சென்னை மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடலாம். விளையாட வருபவரிடம் ஒரு மணி நேரத்துக்குத் தலைக்கு 120 ரூபாய் வாங்கலாம். 2024 அக்டோபரில் மாநகராட்சி மன்றம் இப்படி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த முடிவு கைவிடப்பட்டது. அதோடு பேச்சும் அடங்கிவிட்டது. ஆனால், தீர்மானத்துக்குப் பின்னால் இருந்த கேள்வி அப்படியே நிற்கிறது. திடலையும் பூங்காவையும் பராமரிக்கும் செலவை யார் தருவது?

120 ரூபாய் பெரிய காசா?

ஒருநாள் விளையாடிவிட்டுப் போகிறவருக்கு இல்லை. ஆனால் கால்பந்து பழகும் பையன் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வருவதில்லை. மாதம் 25 நாள், தினம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 3,000 ரூபாய். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000. வடசென்னையில் கால்பந்து பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்ல. கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகளின் ஆட்டம். அந்த வீடுகளில் 3,000 ரூபாய் என்பது மளிகைக் கணக்கு. கட்டணம் வந்திருந்தால் யார் முதலில் திடலை விட்டு வெளியேறியிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கட்டணம் வேண்டும் என்பவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். பூங்கா விஷயத்தில் கட்டுவது சுலபம். அதற்குப் பிறகுதான் கஷ்டம். செயற்கைப் புல் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். விளக்கு, தண்ணீர், கழிப்பறை, காவலாளி என எல்லாமே மாதாமாதச் செலவு. மாநகராட்சியிடம் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. திறப்பு விழாவுக்கு நிதி கிடைக்கிறது. உடைந்த ஊஞ்சலை மாற்றக் கிடைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்கிறார்கள். இலவசம் என்றால் எல்லாருக்கும் சமம் என்று ஆகிவிடாது. முன்பதிவு முறை இல்லாத திடலை, ஆள்பலம் உள்ள குழுவோ, மாணவர்களிடம் காசு வாங்கிப் பயிற்சி தரும் அகாடமியோ மாலை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். சின்னப் பசங்க ஓரமாக நிற்க வேண்டியதுதான். இதுவும் உண்மை. ஆனால் இதற்கு மருந்து நேர ஒதுக்கீடு, டிக்கெட் அல்ல.

வரி கட்டுகிறோமே, அது போதாதா?

பூங்காவால் பலன் பெறுவது உள்ளே போகிறவர் மட்டுமல்ல. மரம் இருக்கும் தெருவில் வெயில் கொஞ்சம் தணிகிறது. சிமென்ட் போடாத மண்ணில் மழைநீர் இறங்குகிறது. வீட்டுமனை விளம்பரத்தில் ‘பார்க் ஃபேசிங்’ என்று போட்டாலே விலை கூடுகிறது. அந்த வீடு கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு வசூலாகும் கூடுதல் தீர்வையில் உள்ளாட்சிக்கும் பங்கு வருகிறது. 2022-இல் சொத்து வரியும் உயர்த்தப்பட்டது. வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அந்த வரியைச் சுமக்கிறார். ஆக, தெருப் பூங்காவுக்கு நாம் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நடைமுறைக் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு சின்னப் பூங்காவுக்குத் தினம் நூறு பேர் வருகிறார்கள், ஆளுக்கு 5 ரூபாய் வாங்குகிறோம் என்று வையுங்கள். கிடைப்பது 500 ரூபாய். காலையும் மாலையும் வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவே அது பத்தாது.

எங்கே கட்டணம் நியாயம்?

சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு பூங்காவுக்குப் பெரியவருக்கு 100, சிறியவருக்கு 50 ரூபாய் என்று நுழைவுக் கட்டணம் வைக்கப்பட்டது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் வாசலிலேயே 300 ரூபாய். ஜிப்லைனில் தொங்கிப் போக வேண்டும் என்பவரிடம் தனியாகக் காசு வாங்குவதில் தவறில்லை. அது கூடுதல் வசதி. ஆனால் மரத்தடியில் உட்காருவதும் நடப்பதும் கூடுதல் வசதி அல்ல. இந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நிறுவனங்கள் தத்தெடுத்தால்?

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை 1980-இல் தொடங்கப்பட்ட தனியார் அறக்கட்டளை ஒன்று நன்கொடை திரட்டிப் பராமரிக்கிறது. பூங்கா பளிச்சென்று மாறியது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி இருப்பது அந்த நகரத்தின் பணக்காரப் பகுதி. ஏழைகள் வாழும் பகுதிப் பூங்காவுக்கு அப்படிக் கொடையாளர்கள் வரிசையில் நிற்பதில்லை. இங்கேயும் நுங்கம்பாக்கம் பூங்காவைத் தத்தெடுக்க நிறுவனம் கிடைக்கும்; வியாசர்பாடிக்குக் கிடைக்குமா? நன்கொடை துணைக்கு இருக்கலாம், முதுகெலும்பாக இருக்க முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில், நடைபாதை, நிழல், கழிப்பறை, குழந்தைகள் விளையாட்டிடம், திடல் ஆகியவை வரிப்பணத்தில் இலவசமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன கூடுதல் வசதிகள், நிறுவனங்கள் நடத்தும் போட்டிகள், காசு வாங்கிப் பயிற்சி தரும் அகாடமிகள் ஆகியவற்றுக்குக் கட்டணம் இருக்கட்டும். மாலை நேரத்தில் பாதியாவது பகுதிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, ஓஎஸ்ஆர் எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் சாலை போக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி இருக்கிறது. அப்படி வரும் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், அந்தந்த வட்டாரத்துப் பூங்காவுக்கே போக வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு பூங்காவின் வாசலிலும் ஒரு பலகை: இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்ததாரர் பெயர். இதற்குப் பெரிய செலவில்லை.

பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த பெங்களூரு வழக்கில், அது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனை என்ற நல்ல காரணத்துக்குக்கூடப் பூங்காவை எடுக்க முடியாது என்றால், பராமரிக்கக் காசில்லை என்ற காரணத்துக்காக ஒரு பையனை வாசலில் நிறுத்த முடியுமா? தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது சரி. ஆனால் பட்ஜெட்டில் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்காவிட்டால், அதே 120 ரூபாய் வேறு பெயரில் மறுபடியும் வரும்.