ரெண்டாவது கார் வாங்கலாமா?

போன மாசம் தங்கமணிக்கு ஹிஞ்சவடிக்கு மாத்தல் ஆச்சு. கோத்ரூட்ல இருந்து தூரம் ஜாஸ்தி, கார் அவங்களுக்கு வேணும். அப்போ எனக்கு? "இன்னொரு சின்ன கார் வாங்கிடுங்களேன்"னு ஊர்ல இருந்து மாமனார் வரைக்கும் சொல்லியாச்சு.

என் கிளை டெக்கன் பக்கம். வெறும் நாலு கிலோமீட்டர். பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். முதல் நாள் வாட்ச்மேன் கேட்டார்: "சாகேப், காடி பந்த் பட்லீ கா?" கார் ரிப்பேரான்னு அர்த்தம். ஆபீசர்னா சைக்கிள்ல வரக்கூடாது போல :-)

பி.காம். படிச்ச புத்தி, கணக்கு போட்டுப் பார்த்தேன். தினம் 8 கி.மீ., வருஷத்துக்கு 250 நாள், மொத்தம் 2,000 கி.மீ. நெரிசல்ல கார் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தா 200 லிட்டர் பெட்ரோல். நூறு ரூபாய்னே வச்சாலும் 20,000 ரூபாய். இது பெரிய தொகை இல்லைதான். ஆனா 7 லட்ச ரூபாய் கார் வாங்கினா, வருமான வரி தேய்மானக் கணக்குப்படி (15 சதவீதம்) முதல் வருஷமே 1,05,000 ரூபாய் கரையுது. அதுக்கு மேல வட்டி, இன்சூரன்ஸ். வீட்ல ஏற்கெனவே நிக்கற காரை எடுக்காம விட்டா மிச்சம் பெட்ரோல் மட்டும்தான். வாங்காத காருலதான் நிஜமான மிச்சம். கார் லோன் கொடுக்கற நானே இதைச் சொல்றேன்!

நேரம்? சைக்கிள்ல இருபது நிமிஷம். கார்லயும் நள் ஸ்டாப் தாண்டி, பார்க்கிங் தேடி முடிக்க அவ்வளவுதான் ஆகுது. வேர்வைக்கு ஒரு மாத்துச் சட்டை. மழைக்காலத்துக்கு வனாஸ்ல இருந்து வர்ற மெட்ரோ இருக்கு.

கௌரவம்னு சொல்றவங்களுக்கு: 1992ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு அதுதான் கௌரவம். நமக்கு மட்டும் எப்படி கேவலமாச்சு?

ஆனா ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். எட்டாவது படிக்கற பையன் கேட்டான்: "நீங்க போறீங்களே, நானும் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போகட்டுமா?" வாய் வரைக்கும் வந்த "சரி"யை முழுங்கிட்டேன். ஒரு காலத்துல சைக்கிள் நகரம்னு பேர் வாங்கின ஊர் இது. 2006ல பிஆர்டி பஸ் வந்தப்போ கூடவே சைக்கிள் பாதை போட்டாங்க. 2017ல மாநகராட்சி பெரிய சைக்கிள் திட்டமே ஒப்புக்கிட்டது. வாடகை சைக்கிள்கள் வந்துச்சு, போச்சு. நான் போற வழியில பாதைன்னு இருக்கற கொஞ்ச இடத்துலயும் பைக் நிக்குது, இல்லேன்னா பைக் ஓடுது.

பயந்துதான் எல்லாரும் கார் வாங்கறோம். நாம வாங்கற ஒவ்வொரு காரும் அந்த ரோட்டை இன்னும் பயங்கரமாக்குது. பணக் கணக்குல சைக்கிள்தான் ஜெயிக்குது, சந்தேகமே இல்லை. பாதுகாப்புக் கணக்கு தனி மனுஷன் போட்டுத் தீர்க்கற கணக்கு இல்லை. அதை மாநகராட்சிதான் போடணும், நாம கேட்டாத்தான் போடுவாங்க. வார்டு ஆபீஸ்ல ஒரு மனு கொடுத்துட்டு வந்திருக்கேன். ரெண்டாவது கார் வாங்கறதா இல்லை.

பையனுக்கு இன்னும் பதில் சொல்லலை. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில, ரோடு காலியா இருக்கறப்போ, கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.