தேதிக்குச் சாயம் பூச மட்டும் ஆள் இருக்கிறது



எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் புதிய கட்டடம் பற்றி உங்கள் நாளிதழே எழுதியிருக்கிறது. பழைய கதையைக் கிளறவில்லை. சென்ற வாரம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். வேலியோர அறிவிப்புப் பலகையில் பணி முடியும் தேதியின் மேல் வெள்ளைச் சாயம் பூசி, புதுத் தேதி எழுதியிருக்கிறார்கள். இது முதல் பூச்சும் அல்ல. உள்ளே ஒரு சிமெண்டு மூட்டைகூட அசையவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்த அதிகாரியிடம், எத்தனை முறை தவணை நீட்டித்தீர்கள், இதுவரை மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டோம். "எல்லாம் ஃபைல்ல இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். இந்தக் கட்டடத்தை நம்பி ஒன்றாம் ஆண்டில் சேர்த்த பிள்ளைகள், தகரக் கொட்டகையிலேயே ஆறாம் ஆண்டையும் முடித்துப் போய்விட்டார்கள். நாங்கள் கவலைப்படக் கூடாதாம்!

தாமதத்துக்குக் கோவிட் காரணம் என்கிறார்கள். அந்த நடமாட்டக் கட்டுப்பாடு 2020 மார்ச்சில் வந்தது, போயும்விட்டது. மழை என்கிறார்கள். பால்மரம் சீவியவர்களிடமா மழைக் கணக்கு? மழை பெய்தால் எங்கள் அப்பா அம்மாவுக்கு அன்றைய சம்பளம் போகும். குத்தகையாளருக்கோ தவணை நீள்கிறது.

தேதி தள்ளினால் செலவு சும்மா இருக்குமா? தற்காலிக வகுப்பறை வாடகை, காவலாளி சம்பளம், துருப்பிடித்த கம்பியை வெட்டி மறுபடி கட்டும் கூலி, பழைய குத்தகையாளர் விட்டுப்போனால் புதியவர் கேட்கும் இன்றைய விலை. இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டிச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

பக்கத்துச் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ.2 விமான முனையம் 2011இல் தயார் என்றார்கள். 2014 மே 2இல்தான் திறந்தது. சுமார் 200 கோடி வெள்ளி மதிப்பீடு ஏறக்குறைய 400 கோடிக்குப் போனது. அதற்காவது நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. தோட்டப்பள்ளிக்கு யார் வருவார்?

அரசாங்கத் திட்டங்களைக் கண்காணிக்க மைபுரோஜெக் என்ற கணினி முறை இருக்கிறது. அங்கே ஏறும் எண்கள் எங்கள் பலகைக்கு ஏன் இறங்குவதில்லை? பொதுமக்களுக்குப் புரியாதாம். மாதத் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கட்டி முடித்தவர்களுக்குக் கூட்டல் தெரியும், ஐயா.

முதல் தேதியை அழிக்காதீர்கள். அதன் கீழே ஒவ்வொரு நீட்டிப்பையும், காரணத்தையும், ஏறிய தொகையையும், தாமத அபராதம் வசூலித்தீர்களா என்பதையும் எழுதுங்கள். இடம் போதாதென்றால் இன்னொரு பலகை நடுங்கள். தேர்தல் வந்தால் மக்கள் பிரதிநிதிகளான வை.பி.க்களின் முகத்துக்கு எவ்வளவு பெரிய பலகையும் ஒரே இரவில் எழும்புகிறதே!

இப்படிக்கு,
தோட்டத்துப் பெற்றோர் ஒருவர்,
நெகிரி செம்பிலான்