மாயக் கதையா, நம் கதையா?

மோகினி, யட்சி, மாயக் குலத்து மன்னன் என்று வரும் நாவல்களைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் படிக்கலாகாது என்னும் குரல் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. பில்லி சூனியத்துக்கு அவை வாசல் என்பர் சிலர். உழைத்து முன்னேற வேண்டிய வயதில் அவை வீண் கனவு என்பர் வேறு சிலர். இரண்டும் பிழையான வாதங்கள். அதிலும் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதியில் வாழும் நாம் அவற்றைச் சொல்லவே கூடாது.

ஒரு நூலைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். நவோமி நோவிக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2018-இல் வெளியிட்ட ஆங்கில நாவல் 'ஸ்பின்னிங் சில்வர்'. அதில் ஸ்டாரிக் என்றொரு பனிநாட்டு மாயக் குலம் வருகிறது. வட்டிக்குக் கடன் கொடுப்பவரின் மகளான மிர்யம் என்னும் யூதப் பெண்ணிடம், வெள்ளியைப் பொன்னாக்கித் தருமாறு அக்குலத்தின் மன்னன் கட்டளையிடுகிறான். மறுபுறம், மனிதரின் பேரரசனை நெருப்புப் பேய் ஒன்று பிடித்திருக்கிறது. அவனுக்கு மணமுடிக்கப்பட்ட இரினா என்னும் பிரபுவின் மகள், தன் உயிரையும் நாட்டையும் காக்கச் சூழ்ச்சி வகுக்கிறாள்.

இக்கதையைச் சொல்வோர் அறுவர். இம்மூவரோடு, கடனாளியின் மகள் வாண்டாவும், அவளுடைய சிறு தம்பியும், இரினாவை வளர்த்த செவிலியும் சொல்கின்றனர். பேரரசன் வாய் திறக்கும் அதே நூலில் செவிலியும் வாய் திறக்கிறாள். ஒரே ஆண்டவரின் வாழ்வை நற்செய்தியாளர் நால்வர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றுவானேன்?

வாண்டாவின் தந்தை கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை. மகள் மிர்யமின் வீட்டில் உழைத்து அதைக் கழிக்கிறாள். இதையா வீண் கனவு என்கிறோம்? பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டிய பூமியல்லவா இது! விடியுமுன் வந்து நின்ற ஆலைப் பேருந்துகள், உறக்கம் கலையாத சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து, சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளிக்க நேர்ந்தது. நாம் மெச்சிக்கொள்ளும் உழைப்பின் மறுபக்கம் இதுதான். வாண்டாவோ அந்த வீட்டில் எண்ணும் எழுத்தும் கற்கிறாள். கணக்கேட்டைப் படிப்பதே அவளுக்கு மாயவித்தையாகத் தோன்றுகிறது. ஆலைக்குப் போன நம் பிள்ளைகள் இழந்ததும் அந்த வித்தையைத்தான்.

இனி, சூனியத்துக்கு அஞ்சுவோரிடம் சில சொற்கள். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் மாந்திரீகம் செய்வதையும் குறி கேட்பதையும் கண்டிக்கிறது. மாயக் கதை படிப்பதையன்று. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் பற்றுமிக்க கத்தோலிக்கர். இந்த நாவலும் பேயைப் போற்றவில்லை. பேரரசன் பிறக்குமுன்பே அவனுடைய தாய் பேயோடு பேரம் பேசி அவனை ஒப்புக்கொடுத்துவிட்டாள். அப்பேரத்தின் கொடுமையை அவனே சொல்லக் கேட்கிறோம்.

ஸ்டாரிக் மன்னனை நெருப்புப் பேய்க்கு இரையாக்கினால் தன் மக்கள் பிழைப்பார்கள் என்பது இரினாவின் கணக்கு. மிர்யமும் முதலில் இதற்கு உடன்படுகிறாள். ஆனால் அந்தக் குலத்திலும் குழந்தைகள் உண்டு. அவர்களில் ஒருத்திக்கு மிர்யமே பெயர் சூட்டியிருக்கிறாள். அந்தக் குழந்தையும் எரிய வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபின் அவளால் அக்கணக்கை ஏற்க இயலவில்லை. மக்களுக்காக ஒருவர் அழியலாம் என்று கணக்கிட்ட கயபாவை அறிந்தவர்கள் நாம். ஆயினும், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அத்தகைய சாவுகளைப் பற்றி யாரேனும் கேள்வி கேட்டால் 'ஊரின் பிழைப்பு' என்று சொல்லி அவர் வாயை அடைக்கிறோம். அது யாருடைய கணக்கு?

மாய நாவல்கள் யாவும் நல்லவை என்று நான் வாதிடவில்லை. காமத்துக்கு மாயப் போர்வை போர்த்தி விற்பவையும் உண்டு. நல்லதையும் தீயதையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே பெற்றோர் கடமை, கதவை அடைப்பதன்று.

1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யை முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தந்த ஊர் சிவகாசி. அறுவர் சொல்லும் கதையொன்று இம்மண்ணிலிருந்தே ஏன் பிறக்கக் கூடாது? அதில் முதலாளி பேசட்டும். கடன் கொடுத்தவர் பேசட்டும். சரவெடி பின்னும் பெண்ணும், அவளுடைய சிறு தம்பியும் பேசட்டும். அதை எழுதப்போகும் பிள்ளை இன்று ஏதோ ஒரு மாயக் கதையைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். அதன் கையிலிருந்து அந்நூலைப் பிடுங்காதிருப்போம்.