குரலுக்கு வயதானால் சுருதி இறங்கட்டும்

கோயில் உற்சவங்களும் தேவாலயத் திருநாள்களும் வரிசையாக வரும் மாதங்களில், தோப்பும்படிச் சந்திப்பில் கானமேளா விளம்பரத் தட்டி இல்லாத நாளைக் காண்பது அரிது. அதிலும் பழைய சினிமாப் பாட்டுக்குப் பெயர் பெற்ற ஒருவர் வருகிறார் என்றால் தமிழர், மலையாளி, கொங்கணி என்ற பேதமின்றி எல்லோரும் திரளுவது இவ்வூர் வழக்கம். ஆனால் நிகழ்ச்சி முடிந்து கலையும்போது கூட்டத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "அந்தப் பழைய குரல் இல்லையே!" என்பதே அது. சிலர் இதை வருத்தத்தோடு சொல்கிறார்கள். சிலர் கொடுத்த பணம் வீணாயிற்று என்ற தோரணையில் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு அஞ்சி மேடையில் இப்போது நடக்கும் சில காரியங்கள் பாடகருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் ஒப்பிடும் 'பழைய குரல்' எது? அது 1960களிலோ 1970களிலோ ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான குரல். அன்று இசைத்தட்டிலும் வானொலியிலும் எப்போதாவது கேட்டதை இன்று கைப்பேசியில் தினமும் கேட்கிறோம். பாடியவருக்கு ஐம்பது வயது கூடிவிட்டது. பதிவுக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. காலையில் முப்பது வயதுக்காரரின் குரலைக் கேட்டுவிட்டு மாலையில் எண்பது வயதுக்காரரின் எதிரே போய் உட்காருகிறோம். ஏமாற்றம் உண்டாவதில் வியப்பில்லை.

தொண்டையில் நடப்பது என்ன?

குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்றில் அவை சேர்ந்து பிரிந்து அதிர்வதால் ஓசை பிறக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது ஆணுக்கு வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவையும், பெண்ணுக்குச் சுமார் 200 தடவையும் அதிர்கின்றன. மேல் ஸ்தாயியில் பாடும்போது இது பல மடங்காகிறது. அதற்கு மடிப்புகள் நன்றாக இழுபட வேண்டும். மேல்தோல் ஈரமாகவும் நெகிழ்வாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இடைவெளியின்றிச் சேர வேண்டும்.

வயது ஏற ஏற இந்த மூன்றும் தளருகின்றன. மடிப்பிலுள்ள தசை மெலிகிறது. சேர வேண்டிய இடத்தில் இடைவெளி விழுந்து காற்று கசிகிறது. குரலில் மூச்சு கலந்து ஒலிக்கிறது. குரல்வளையின் குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி எலும்பாகிறது. மார்புக்கூடு விறைப்பதால் மூச்சின் அளவும் குறைகிறது. இளமையில் ஒரே மூச்சில் முடித்த அடியை இரண்டாகப் பிரித்துப் பாட வேண்டியிருக்கிறது. நீண்ட கார்வையில் குரல் தானே அசைகிறது. வயோதிகத்தில் ஆண்குரல் சற்று மெலிந்து உயரும். பெண்குரல் மாதவிடாய் நின்ற பிறகு தாழும் என்பதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலும் முதலில் போவது உச்ச ஸ்தாயி. அடுத்தது மூச்சின் நீளம். நடு ஸ்தாயி வெகு காலம் நிற்கிறது. உச்சரிப்பு, தாளக் கட்டு, சொல்லுக்குப் பொருள் கொடுக்கும் முறை ஆகியவை கடைசி வரையில் கூட வருகின்றன. சில பேரிடத்தில் வயதோடு வளரவும் செய்கின்றன. ஆகவே வயதான பாடகர் இழந்தது குரலில் ஒரு பகுதி மட்டுமே. இருப்பதை வைத்துப் பாட அவருக்கு வழி விட்டிருக்கிறோமா என்பதே கேள்வி.

ராக் பாடகர்கள் செய்வது

இந்தத் தொல்லை மிகவும் கடுமையாகத் தாக்குவது ராக் பாடகர்களைத்தான். மின்சார கிதாரும் டிரம்ஸும் முழங்கும் மேடையில் தம் குரல் தமக்கே கேட்காது. சுற்றிலும் இரைச்சல் மிகுந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான், அது இயற்கை. அப்படி ஆண்டுக்கணக்கில் கத்திப் பாடிய தொண்டைக்கு வயதும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

லெட் செப்பலின் குழுவின் ராபர்ட் பிளான்ட் 1948இல் பிறந்தவர். 1970களில் அவருடைய உச்சக் குரலுக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு. அந்தக் குழுவினர் 2007 டிசம்பரில் லண்டனில் மீண்டும் கூடி ஒரே ஒரு கச்சேரி செய்தபோது, பழைய பாட்டுகள் சிலவற்றின் சுருதியைக் குறைத்துக்கொண்டே பாடினார்கள். எல்டன் ஜானுக்கு 1987இல் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் குரல் தடித்துத் தாழ்ந்தது. அவர் அந்தக் குரலுக்கேற்ப மெட்டை வளைத்துக்கொண்டு, 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் விடை பெறும் வரை மேடையில் இருந்தார். சுருதி குறைந்தது என்று யாரும் வழக்குப் போடவில்லை.

நம் கொச்சியும் இதற்கு அந்நியமல்ல. 13 ஏ.டி. என்ற ராக் குழு 1977இல் இந்நகரத்தில்தான் பிறந்தது. 1990இல் 'கிரவுண்ட் ஸீரோ' என்ற தொகுப்பை வெளியிட்டது. அன்று அதைக் கேட்டு ஆடிய இளைஞர்கள் இன்று அறுபதை எட்டியவர்கள்.

உஷா உதுப் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் 1947இல் பிறந்தவர், கேரளத்தின் மருமகள். கனத்த குரல் என்று பள்ளிப் பாட்டு வகுப்பில் ஒதுக்கப்பட்டவர். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டு இரவு விடுதியொன்றில் பாடத் தொடங்கி, எழுபதைத் தாண்டியும் மேடையை ஆண்டார். 2024இல் பத்ம பூஷண் விருது வந்தது. உச்ச ஸ்தாயியை நம்பிப் பிழைத்த குரலல்ல அது. ஆகவே வயது முதலில் பறிப்பதை அவரிடம் அவ்வளவாகப் பறிக்க முடியவில்லை. அன்று குறையென்று தள்ளப்பட்டதே பின்னால் முதலாக நின்றது.

நம்முடைய பழைய வழி

மேல்நாட்டார் செய்ததைப் பார்த்துத்தான் நாம் கற்க வேண்டுமென்பதில்லை. கர்நாடக சங்கீதத்தில் பாட்டுக்கென்று நிர்ணயித்த சுருதி கிடையாது. பாடுகிறவர் தமக்கு ஒத்த கட்டையில் தம்பூராவைச் சேர்க்கிறார். வயலினும் மிருதங்கமும் அவரைப் பின்பற்றுகின்றன. வயதானால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வார்கள். பின்னால் சிஷ்யர் உட்கார்ந்து, குரு தொட முடியாத மேல் ஸ்தாயியைப் பின்பாட்டாக எடுத்துக் கொடுப்பார். இதில் ஒளிவு மறைவு இல்லை. 1908இல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் முதுமையிலும் மேடையேறினார். அவர் குரல் தேன் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்கக் கூட்டம் குறையவில்லை.

செம்பை வைத்தியநாத பாகவதருக்கு 1952இல் குரல் அடைத்துப் போயிற்று, பின்னர் திரும்பியது. 1974இல் மறையும் வரை பாடினார். அவரிடம் பயின்றவர்தான் நம் ஊர் ஏசுதாஸ். 1940 ஜனவரி 10 அன்று ஃபோர்ட் கொச்சியில் பிறந்து, 1961 நவம்பரில் முதல் சினிமாப் பாட்டைப் பதிவு செய்து, 1964இல் 'பொம்மை' படத்தின் மூலம் தமிழுக்கு வந்தவர். 2020இல் எண்பதாவது பிறந்த நாளன்று கொல்லூர் மூகாம்பிகை சன்னிதியில் உட்கார்ந்து பாடினார். முப்பது வயதுக் குரலை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. எண்பது வயது வரை காத்து வந்த சாரீரத்தைக் கேட்கவே வந்தார்கள். அதே மனிதரிடம் சினிமாப் பாட்டு மேடையில் மட்டும் பதிவிலுள்ள சுருதியை அப்படியே கேட்பது என்ன நியாயம்?

ஒளிப்பதில் வரும் தீங்கு

சினிமா மேடையில் இப்போது நடப்பதென்ன? 'ஒரிஜினல் சுருதி' வேண்டும் என்று அமைப்பாளர் வற்புறுத்துகிறார். அது முடியாதவர், முன்கூட்டியே பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வாயை மட்டும் அசைக்க வேண்டியதாகிறது. அல்லது தொண்டை கட்டியிருக்கும்போது ஊசி போட்டுக்கொண்டு மேடையேறுகிறார். ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தைக் குறைத்து ஓரிரவைத் தள்ளிவிடும். ஆனால் புண்பட்ட மடிப்பின் மேல் மறுபடியும் பலம் கொடுத்துப் பாடினால் உள்ளே இரத்தம் கசிந்து குரல் நிரந்தரமாகக் கெடலாம். ஒரு பாட்டின் உச்சத்துக்காக ஒருவரின் எஞ்சிய காலத்தைப் பணயம் வைக்கிறோம்.

புகழ் பெற்றவர்களாவது சமாளிப்பார்கள். நான் அதிகம் கவலைப்படுவது கானமேளாக் குழுக்களில் பாடுகிறவர்களைப் பற்றி. டி.எம்.எஸ். பாட்டையும் எஸ்.பி.பி. பாட்டையும் நமக்காக முப்பது ஆண்டு பாடியவர்கள் இவர்கள். பாடினால்தான் கூலி. மாதச் சம்பளமில்லை. உச்சம் எட்டவில்லை என்று அடுத்த ஆண்டு கூப்பிடாமல் விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். அதற்கு அஞ்சியே தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

சொல்லப்படும் மறுப்புகள்

காசு கொடுத்தவன் பழையபடி கேட்க விரும்புவது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. ஆனால் பதிவு செய்த குரலைக் கேட்க மேடை எதற்கு? அது கைப்பேசியில் இருக்கிறது.

சுருதியை இறக்கினால் பாட்டின் பொலிவு குறையும் என்பார்கள். குறையத்தான் செய்யும், இதை மறுப்பதற்கில்லை. இரண்டரைக் கட்டைப் பாட்டை ஒன்றரைக்குக் கொண்டுவந்தால் குழலும் வயலினும் சற்று மங்கித்தான் ஒலிக்கும். ஆனால் எட்டாத ஸ்வரத்தில் பிசிறடிக்கும் பாட்டைவிட, மங்கலானாலும் சுருதி சுத்தமான பாட்டே காதுக்கு இதம்.

கௌரவமாக ஓய்வு பெறலாமே என்பது மூன்றாவது வாதம். எஸ். ஜானகி 2017 அக்டோபரில், தமது 79ஆம் வயதில், மைசூரில் பாடி மேடைக்கு விடை கூறினார். உயர்ந்த முடிவு. ஆனால் அது அவர் தாமாக எடுத்த முடிவு. நாம் தள்ளி எடுக்கச் செய்ததல்ல. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுப் பாட்டில், 88 வயதான டி.எம். சௌந்தரராஜன் சில சொற்களைப் பாடினார். பின்னால் இளைஞர் கூட்டம் பாட்டைத் தூக்கிச் சென்றது. அளவறிந்து கொடுத்தால் முதிய குரலுக்கும் இடமுண்டு என்பதற்கு அது சான்று.

கமிட்டிகள் செய்யக் கூடியவை

இவ்வூர்த் தமிழ்ச் சமூகங்களின் கோயில்களிலும் சங்கங்களிலும் விழா நடத்தும் அன்பர்களுக்குச் சில யோசனைகள். பாடகரை ஒப்பந்தம் செய்யும்போதே எந்தப் பாட்டு, எந்தக் கட்டை என்று கேட்டு வாத்தியக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். கீபோர்டில் சுருதி மாற்ற ஒரு பொத்தான் போதும். கிதார்க்காரருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு மணி நேர ஒத்திகை போதும். பாடுகிறவர் காதுக்குத் தம் குரல் கேட்கும்படி மேடையில் தனி ஒலிபெருக்கி வையுங்கள். பாதிக் கத்தல் அதனாலேயே நின்றுவிடும். மூன்று மணி நேரமும் ஒருவரையே பாடச் சொல்லாமல் எட்டுப் பத்துப் பாட்டோடு நிறுத்தி, இடையில் இளையவர்களைப் பாட வையுங்கள். மேல் ஸ்தாயிக்கு ஓர் இளங்குரலைப் பக்கத்திலேயே நிறுத்தி, பின்பாட்டு என்று வெளிப்படையாக அறிவியுங்கள். பதிவுக் குரல்தான் ஒலிக்கும் என்றால் அதையும் தட்டியில் போட்டுவிடுங்கள். கேரள அரசுக்குக் கலாசாரப் பணியாளர் நலநிதி வாரியம் ஒன்று இருக்கிறது. குழுப் பாடகர்கள் அதில் சேரத் தகுதியுள்ளவர்களா என்று விசாரித்து, உள்ளவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும் கமிட்டிகளுக்குப் பெரிய வேலையல்ல.

மட்டாஞ்சேரி மெஹபூப் 1981இல் மறைந்தார். அவர் பாட்டை இவ்வூர் இன்னும் பாடுகிறது. எர்ணாகுளம் ரவிபுரத்தில் பிறந்த ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9 அன்று மறைந்தார். அன்று முழுதும் அவர் பாட்டையே எங்கும் கேட்டோம். 1958 பள்ளி இளைஞர் விழாவில் ஏசுதாஸ் பாட்டிலும் ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் பரிசு பெற்ற பழைய படத்தை எத்தனையோ பேர் எடுத்துக் காட்டினார்கள். மறைந்த பிறகு காட்டும் இந்த அன்பில் ஒரு பங்கை, உயிரோடிருந்து பாடுகிறவர்களுக்கு அரைக் கட்டை சுருதியாகக் கொடுத்தால் போதும். வரும் விழாவுக்கு ஒப்பந்தம் பேசப் போகும் கமிட்டியார், தொகையைக் கேட்கும் முன் பாடகரிடம் கட்டையைக் கேட்பார்களாக.